கிரானில் ஓடினால் லாக்கர் வாய் திறப்பதில்லை

கேள்வி: 3 மார்ச் 2025, இரவு 8.15

ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வகை இயங்குதளம்) சர்வரில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு, வைத்திருக்கிறேன். எங்கள் நாடகக் குழுவின் பழைய பிரதிகளையும் கணக்குக் கோப்புகளையும் தினமும் விடியற்காலை 2 மணிக்கு இன்னொரு மெஷினுக்கு நகல் எடுக்கும். எது முடிந்தது, எது முடியவில்லை என்று தெரிந்துகொள்ள உள்ளே, சிஸ்டத்தின் பதிவேடான லாக்கில் ஒரு வரி எழுதும் லாக்கர் கட்டளை போட்டிருக்கிறேன். டெர்மினலில் கையால் லாக்கர் அடித்தால் மெசேஜஸ் என்ற பொது லாக் கோப்பில் உடனே வரி விழுகிறது. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரான் வழியாக ஓடினால் ஒரு வரிகூட இல்லை. கிரானுக்குள் லாக்கர் வேலை செய்யாது என்றுதான் நினைக்கிறேன். சரிதானா அண்ணே?

பதில்: 3 மார்ச், இரவு 9.40

இல்லை தம்பி. கிரானுக்குள் லாக்கர் நன்றாகவே வேலை செய்யும். கையால் அடித்தபோது என்ன அடித்தீர்கள், ஸ்கிரிப்டில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? இரண்டையும் எழுத்து பிசகாமல் அனுப்புங்கள். "அதே கட்டளைதான்" என்று சொல்லவேண்டாம். இந்த மாதிரிச் சிக்கலில் பாதிக்கு மேல் "அதே" என்ற வார்த்தைக்குள்தான் ஒளிந்திருக்கும்.

3 மார்ச், இரவு 10.25

அனுப்பியதைப் பார்த்தேன். நினைத்தது சரி. கையால் அடித்தது வெறும் லாக்கர், பக்கத்தில் ஒரு சொல். ஸ்கிரிப்டில் இருப்பது லாக்கர் -பி லோக்கல்0.இன்ஃபோ. இரண்டும் ஒன்றல்ல.

-பி கொடுக்காவிட்டால் லாக்கர் தானாக யூசர்.நோட்டீஸ் என்று முத்திரை குத்தும். யூசர் என்பது துறை, அதாவது செய்தி எங்கிருந்து வருகிறது என்பது. நோட்டீஸ் என்பது அவசர நிலை. எந்தச் செய்தி எந்தக் கோப்புக்கு என்று விதி சொல்லும் சிஸ்லாக் கான்ஃப் கோப்பில் மெசேஜஸுக்குப் போகும் வரியைப் பாருங்கள், *.நோட்டீஸ் என்று தொடங்கும். எந்தத் துறையிலிருந்து வந்தாலும் சரி, நோட்டீஸும் அதைவிட அவசரமானதும் இங்கே வரட்டும் என்று பொருள். இன்ஃபோ அதற்கு ஒரு படி கீழே. அதனால் உங்கள் வரி, லாக் வரிகளை வாங்கிக் கோப்புகளில் எழுதும் சிஸ்லாக்டி வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. அதை எந்தக் கோப்பிலும் எழுதச் சொல்லி யாரும் சொல்லாததால் அது அங்கேயே கைவிடப்பட்டது. பிழைச் செய்தியும் வராது, லாக்கர் 0 என்று வெற்றியோடுதான் திரும்பும்.

சரிபார்ப்பது சுலபம். டெர்மினலிலேயே -பி லோக்கல்0.இன்ஃபோ சேர்த்து அடித்துப் பாருங்கள். கையால் அடித்தாலும் வராது. அப்போது கிரான் மேல் பழி இல்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் செய்யுங்கள். நகல் எடுக்கும் ஆர்சிங்க் நிரலின் வெளியீட்டை வீணாக்காமல் அப்படியே குழாய் (|) போட்டு லாக்கருக்கு அனுப்பிவிடுங்கள்.

3 மார்ச், இரவு 11.50

படுக்குமுன் ஒன்று. இந்த முத்திரை உண்மையில் ஒரே ஓர் எண்தான். துறையின் எண்ணை 8-ஆல் பெருக்கி, அவசர நிலையின் எண்ணைக் கூட்டினால் வரும். யூசர் 1, நோட்டீஸ் 5, ஆகவே 13. லோக்கல்0 16, இன்ஃபோ 6, ஆகவே 134. நிலை எண் 0-லிருந்து 7 வரை, சிறிய எண்தான் பெரிய அவசரம். "நோட்டீஸும் அதற்கு மேலும்" என்று சொல்லும்போது எண் கீழே இறங்குகிறது. பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

எரிக் ஆல்மன் 1980களில் சென்ட்மெயில் என்ற மெயில் நிரலுக்காக எழுதிய ஏற்பாடு இது. துறைப் பட்டியலில் மெயில் 2-ஆம் எண்ணிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வேர் எங்கே என்று தெரியும். நம்மைப் போன்றவர்களின் ஸ்கிரிப்டுகளுக்கு விட்டுவைத்தது லோக்கல்0 முதல் லோக்கல்7 வரை எட்டு இடங்கள். தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

4 மார்ச், காலை 7.35, எம்ஆர்டி ரயிலில்

லோக்கல்0-க்குத் தனி வரி எழுதி, நகல் லாக் என்று தனிக் கோப்புக்கு அனுப்பியும் வரவில்லை என்கிறீர்கள். மூன்று கேள்வி. அந்தக் கோப்பை டச் போட்டு முதலில் உருவாக்கினீர்களா? ஃப்ரீபிஎஸ்டி சிஸ்லாக்டி இல்லாத கோப்பைத் தானாக உருவாக்காது, -சி கொடுத்தால்தான் உருவாக்கும். கான்ஃப் கோப்பை மாற்றியபின் சிஸ்லாக்டியை ரீலோட் செய்தீர்களா? புதிய வரியைக் கோப்பில் எந்த இடத்தில் சேர்த்தீர்கள்?

உட்லண்ட்ஸ் தாண்டியாகிவிட்டது. கூட்டத்தில் இதற்கு மேல் தட்ட முடியவில்லை.

4 மார்ச், மதியம் 1.10

மூன்றாவதுதான் காரணம். அனுப்பிய கோப்பில் கடைசிப் பகுதியைப் பாருங்கள். !பிபிபி என்று ஒரு வரி. அதன் கீழ் பிபிபிக்கான லாக். அதன் கீழ் நீங்கள் சேர்த்த வரி. அதற்கும் கீழே !*.

ஆச்சரியக்குறியோடு தொடங்கும் வரி ஒரு கதவு மாதிரி. !பிபிபி என்றால் இனி வரும் வரிகளெல்லாம் பிபிபி என்ற நிரலுக்கு மட்டும் என்று அர்த்தம். !* வரும்வரை அந்தக் கதவு திறக்காது. உங்கள் வரி உள்ளே பூட்டப்பட்டிருக்கிறது. பிபிபி நிரல் லோக்கல்0-வில் எழுதினால்தான் அது அசையும், அது எழுதப்போவதே இல்லை.

வரியை !*க்குக் கீழே இறக்குங்கள். அதைவிட நல்லது, அந்தக் கோப்பைத் தொடாமல் சிஸ்லாக்.டி அடைவுக்குள் .கான்ஃப் என்று முடியும் தனிக் கோப்பாக வையுங்கள். நாளை சிஸ்டத்தை அப்கிரேட் செய்யும்போது உங்கள் மாற்றம் அதோடு மோதாது.

4 மார்ச், இரவு 10.05

வரி விழுந்துவிட்டது என்ற சேதி கிடைத்தது. சந்தோஷம்.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கு எட்டு நாள் போச்சே" என்று எழுதியிருந்தீர்கள். சின்ன விஷயம் இல்லை. 2012-இல் நான் இருந்த ஒரு நிறுவனத்தில் இதைவிட அதிக நாள் போனது. லாக் கோப்பு பெருத்துவிட்டது என்று ஒருவர் அதை எம்வி போட்டு வேறு பெயருக்கு மாற்றி, அதே பழைய பெயரில் காலிக் கோப்பு ஒன்றை உருவாக்கி வைத்தார். கோப்புகளை மூடித் திறக்கச் சொல்லும் எச்யூபி சிக்னலை சிஸ்லாக்டிக்கு அனுப்பவில்லை. அது திறந்து வைத்திருந்தது பெயரை அல்ல, கோப்பை. பெயர் மாறிய பழைய கோப்பிலேயே தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தது. நாங்கள் காலிக் கோப்பைப் பார்த்து "சர்வர் அமைதியாக இருக்கிறது" என்று மூன்று வாரம் நிம்மதியாக இருந்தோம். தீபாவளிக்கு முந்தின நாள் டிஸ்க் ஒன்று படுத்தது. அதற்கான எச்சரிக்கைகள் எல்லாம் அந்தப் பெயர் மாறிய கோப்பில் வரிவரியாக இருந்தன. திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எஃப்ஸ்டாட் போட்டு, சிஸ்லாக்டி எந்த ஐநோடை, அதாவது கோப்பின் உள் எண்ணை, பிடித்திருக்கிறது என்று பார்த்தபோதுதான் புரிந்தது.

அன்றிலிருந்து, எழுதும் நிரல், முத்திரை, விதி, கோப்பு என்று ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டுப் பார்க்காமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை. சிஸ்லாக்டிக்கு -வி இரண்டு முறை கொடுத்தால் ஒவ்வொரு வரியிலும் துறையையும் நிலையையும் பெயராகவே எழுதும். ஒரு வாரம் அப்படி வைத்துப் பாருங்கள்.

6 மார்ச், இரவு 9.15

புதுச் சிக்கல். லாக்கில் கோப்புப் பெயர்கள் தமிழில் வராமல், எம்-^எம் எம்-^எம் என்று வரிக்கு நாலைந்து இடத்தில் கொட்டியிருக்கிறது என்று படம் அனுப்பியிருக்கிறார் தம்பி. ^எம் என்றால் விண்டோஸ் வரி முடிவு. ஸ்கிரிப்டை விண்டோஸ் லேப்டாப்பில் திருத்திச் சேமித்திருப்பீர்கள். அந்தக் குறிகளை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

7 மார்ச், இரவு 10.40

நீக்கியும் மாறவில்லை என்கிறார். நேற்று எழுதியதை நம்பி யாரும் செய்யவேண்டாம். விண்டோஸ் வரி முடிவு என்றால் வரிக் கடைசியில் ஒரு முறைதான் வரும். இங்கே சொல்லுக்கு நடுவில் வருகிறது. படத்தைப் பெரிதாக்கி ஒழுங்காகப் பார்த்திருக்கவேண்டும், பார்க்காமல் சொல்லிவிட்டேன். நாளை சனிக்கிழமை, உட்கார்ந்து எண்ணுகிறேன்.

8 மார்ச், முற்பகல் 11.30

தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டுக் காப்பிக் கடையில் உட்கார்ந்து அந்தப் படத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டேன். இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் எல்லோருக்கும் இது தேவை.

பிடி கொடுத்தது ஒரே ஒரு பெயர். மற்றவை சிதைந்திருக்க, "மாதிரி" என்ற கோப்பு மட்டும் முழுசாக, அழகாக நின்றது. "கணக்கு" என்பதில் நடுவிலிருந்த ண மட்டும் பிழைத்திருந்தது. ஏன் ண?

எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். புள்ளி 224, 175, 141. க 224, 174, 149. ம 224, 174, 174. ஃப்ரீபிஎஸ்டி சிஸ்லாக்டி தனக்கு வரும் வரியில் 128-லிருந்து 159 வரை உள்ள எந்த பைட்டையும் கட்டுப்பாட்டுக் குறி என்று எடுத்துக்கொள்ளும். 128-ஐக் கழித்துவிட்டு, மிச்சத்தை எம்-^ போட்டு ஆங்கில எழுத்தாக எழுதும். புள்ளியின் கடைசி பைட் 141. கழித்தால் 13. ஆங்கிலத்தில் 13-ஆவது எழுத்து எம். ஆகவே எம்-^எம். க-வின் 149-இல் கழித்தால் 21, அது யூ. ஆகவே எம்-^யூ. முன்னால் இருக்கும் இரண்டு பைட் துணையில்லாமல் நிற்பதால், டெர்மினல் அவற்றைக் கறுப்புக் கட்டத்தில் கேள்விக்குறியாகக் காட்டுகிறது.

தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வாக்கியம் நகராது. அதனால்தான் எங்கு பார்த்தாலும் எம்-^எம். அது விண்டோஸ் அல்ல, நம்முடைய மெய்யெழுத்துப் புள்ளி.

மாட்டுவது எது, தப்புவது எது என்று ரசீதின் பின்பக்கத்தில் முழுசாகப் போட்டுப் பார்த்தேன். உயிர் பன்னிரண்டும் மாட்டும். வல்லினத்தில் க ச ட மாட்டும், த ப ற தப்பும். மெல்லினத்தில் ங ஞ மாட்டும், மற்ற நான்கும் தப்பும். இடையினம் ஆறும் தப்பும். உயிர்க்குறிகளில் கால் எனப்படும் ஆகாரக் குறியும் இகரக் கொக்கியும் மட்டும் தப்பும், ஈகாரத்திலிருந்து மீதி எல்லாம் மாட்டும். மாதிரி என்பதில் ம, கால், த, கொக்கி, ர, கொக்கி. அத்தனையும் தப்பும் பக்கம்.

தீர்வு: ஆர்சி கான்ஃப் கோப்பில் சிஸ்லாக்டி ஃப்ளாக்ஸ் வரியில் இப்போதிருக்கும் -எஸ் பக்கத்தில் -8 சேருங்கள், சிஸ்லாக்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எட்டு பிட் எழுத்தில் கை வைக்காதே என்று சொல்வதுதான் அந்த -8. பழைய வரிகள் பழையபடியே இருக்கும், புதிதாக விழுபவை சரியாக வரும்.

8 மார்ச், மாலை 6.20

ஈசூனில் இருக்கும் அக்கா ஒருவர், தம் லினக்ஸ் மெஷினில் எம்-^எம் வந்ததே இல்லை, ஆனால் நீளமான தமிழ் வரிகள் பாதியில் அறுந்துபோகின்றன என்கிறார். லினக்ஸில் சிஸ்லாக்டியின் வேலையைச் செய்யும் ஆர்சிஸ்லாக் எட்டு பிட் எழுத்தை இயல்பாகவே விட்டுவிடும், அதனால் முதல் சிக்கல் அங்கே இல்லை. அறுவதற்குக் காரணம் வேறு. அங்குள்ள லாக்கர் ஒரு செய்திக்கு 1 கிலோபைட்தான் எடுக்கும். சிஸ்லாக் வடிவத்தை விவரித்து 2001-இல் வந்த ஆவணமான ஆர்எஃப்சி 3164-இலும் அதே 1024 பைட் எல்லைதான். மூன்று பைட் வீதம் 341 குறி. கு என்பதற்கே இரண்டு குறி போய்விடும். --சைஸ் கொடுத்து எல்லையை உயர்த்துங்கள் அக்கா. பத்துக் கோப்புப் பெயரை ஒரே வரியில் அடுக்காமல் பெயருக்கு ஒரு வரி விட்டால் இன்னும் நல்லது, பிறகு தேட வசதி.

9 மார்ச், காலை 9.00

-8 போட்டபின் ஸ்கிரிப்ட் சொந்தமாக எழுதும் வரிகள் தமிழாகிவிட்டன, ஆனால் ஆர்சிங்கிலிருந்து வரும் வரிகள் வேறு மாதிரி சிதைந்திருக்கின்றன, பின்சாய்கோடு, கட்டக்குறி, 340, மறுபடி கட்டக்குறி, 256 என்று போகிறது என்கிறார் தம்பி. கவனித்தீர்களா, இது சிஸ்லாக்டியின் கைவேலை இல்லை. 340, 256, 225 என்பவை க-வின் அதே மூன்று பைட், எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில் எழுதியது. அப்படி எழுதுவது ஆர்சிங்க். கிரானுக்குள் உங்களுக்கு லோக்கேல், அதாவது மொழி, எழுத்து அமைப்பு, எதுவும் இல்லை, அதனால் ஆர்சிங்க் தமிழ் பைட்டுகளை அச்சிடமுடியாதவை என்று நினைத்து இப்படி எண்களாக மாற்றுகிறது. டெர்மினலில் யூடிஎஃப்-8 லோக்கேல் இருப்பதால் கையால் ஓட்டும்போது இது தெரியாது.

இதற்கும் மருந்து -8 தான், இந்த முறை ஆர்சிங்குக்கு. இரண்டு நிரலை எழுதியவர்கள் வேறு, ஃப்ளாக் ஒன்று. அலுவலகத்தில் சொன்னபோது பக்கத்து மேசைக்காரர் "நமக்கு லக்கி நம்பர் லா" என்றார்.

9 மார்ச், இரவு 11.15

இப்போது ஒரு முக்கியமான திருத்தம். 3-ஆம் தேதி இரவு 10.25-இல் ஆர்சிங்க் வெளியீட்டைக் குழாய் போட்டு லாக்கருக்கு அனுப்பச் சொன்னேன். அது அரைகுறை யோசனை, தம்பிக்குத் தீங்கும் செய்துவிட்டது.

நேற்று இரவு அவர் கிரான் வேலையை ரூட் பயனரின் கிரான்டாபிலிருந்து (கிரான் வேலைப் பட்டியல்) ஈடிசி கிரான்டாபுக்கு மாற்றியிருக்கிறார். அங்கே, நிரல்களை எந்த அடைவுகளில் தேடுவது என்று சொல்லும் பாத் வரியில் யூஎஸ்ஆர் லோக்கல் பின் இல்லை, ஃப்ரீபிஎஸ்டியில் ஆர்சிங்க் இருப்பதோ அந்த அடைவில். ஷெல்லுக்கு ஆர்சிங்க் கிடைக்கவில்லை, 127 என்று தோற்றது. ஆனால் குழாயின் முடிவுக் குறி கடைசியில் நிற்கும் கட்டளையுடையது. கடைசியில் நின்றது லாக்கர், அது 0 கொடுத்தது. ஸ்கிரிப்ட் "நகல் முடிந்தது" என்று எழுதிவிட்டது. ஒரு கோப்புகூடப் போகவில்லை. "நாட் ஃபவுண்ட்" என்ற வரி ரூட்டின் மெயிலில் கிடக்கிறது, அதை யாரும் திறப்பதில்லை.

லாக் வராமல் இருப்பதைவிட, பொய்யான லாக் வருவது மோசம். ஒரு நாளில் பிடிபட்டது நல்லது.

மாற்றம் இப்படி இருக்கட்டும். ஆர்சிங்குக்கு முழுப் பாதை கொடுங்கள். அதன் வெளியீட்டையும் பிழையையும் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதவிடுங்கள். அடுத்த வரியிலேயே முடிவுக் குறியை ஒரு மாறியில் பிடியுங்கள், நடுவில் ஒரு எக்கோகூட வரக்கூடாது. அதன்பின் லாக்கர் -எஃப் மூலம் அந்தக் கோப்பை லாக்கில் சேருங்கள். கடைசி வரியில் அந்த எண்ணையும் எழுதுங்கள், 0 இல்லையென்றால் இன்ஃபோ வேண்டாம், லோக்கல்0.எர்ர் கொடுங்கள். அது தானாக மெசேஜஸிலும் கன்சோலிலும் வந்து நிற்கும்.

10 மார்ச், இரவு 8.30

குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று காட்டும் பைப்ஃபெயில் போட்டால் போதாதா என்று ஈசூன் அக்கா கேட்கிறார். போதும், உங்கள் ஷெல்லில் அது இருந்தால். பாஷ் ஷெல்லில் நெடுநாளாக இருக்கிறது, யூனிக்ஸ் வகைகளுக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்தில் 2024 பதிப்பில்தான் சேர்த்தார்கள். எனக்குத் தற்காலிகக் கோப்பு முறை பிடிக்கும், எந்த ஷெல்லிலும் ஓடும், நாளை வேறு யாராவது படித்தாலும் புரியும்.

12 மார்ச், இரவு 9.50

வாங்கும் பக்கத்து மெஷினில் 2 மணிக்கு எதுவுமே வரவில்லை என்று தம்பி பதறினார். வந்திருக்கிறது, 11-ஆம் தேதி 18:00 என்று. அந்த மெஷின் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடுகிறது. நம் 12-ஆம் தேதி விடியல் 2 மணி அங்கே முந்தின நாள் மாலை 6. பழைய சிஸ்லாக் முத்திரையில் மாதம், நாள், நேரம் மட்டும்தான். வருடமும் இல்லை, நேர வலயமும் இல்லை. பார்ப்பவர் தாமாக ஊகிக்கவேண்டியதுதான்.

இரண்டு மெஷினிலும் சிஸ்லாக்டிக்கு -ஓ ஆர்எஃப்சி5424 கொடுங்கள். 2009-இல் வந்த அந்த வடிவத்தில் வருடமும் +08:00 என்ற வலயமும் சேர்ந்தே வரும். சிங்கப்பூர் 8 மணி முன்னால் நிற்பது 1982 ஜனவரி 1 முதல்தான், அதுவரை ஏழரை. குழுவின் பழைய ஒலிநாடாக் கோப்புகளுக்கு 1970களின் நேரத்தை யூடிசியில் குறித்துவைக்கும் எண்ணம் இருந்தால் அந்த அரை மணியையும் நினைவில் வையுங்கள்.

15 மார்ச், மாலை 4.40

கடைசிக் கண்ணி: பெருத்த லாக் கோப்புகளைப் பெயர் மாற்றிவைக்கும் நியூசிஸ்லாக்கின் கான்ஃபில் புதிய லாக் கோப்புக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், தம்பி சேர்த்துவிட்டார். இல்லையென்றால் அது வளர்ந்துகொண்டே போகும், ஒருநாள் யாராவது எம்வி போடுவார்கள். நியூசிஸ்லாக் பெயரை மாற்றியதும் சிஸ்லாக்டிக்குச் சிக்னலும் அதுவே அனுப்பிவிடும்.

17 மார்ச், காலை 7.05

தம்பி அனுப்பிய இன்றைய வரி: 2025-03-17, 02:04:11, +08:00, நகல், "கூட்டக் கணக்கு 1983", முடிவுக் குறி 0. வாங்கும் மெஷினில் போய் எல்எஸ் போட்டும் பார்த்திருக்கிறார், கோப்பு இருக்கிறது. பெயரில் புள்ளி நான்கும் அதனதன் இடத்தில்.

17 மார்ச், காலை 7.20

மூன்று. கூட்டக் கணக்கு, ட் ஒன்று, க் இரண்டு. அக்கா எண்ணிச் சொன்னார்.